தார் ஒட்டிய இருபத்து மூன்றாம் கல்

இந்த மாதம் மட்டும் எனக்குப் பதினான்கு படங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் கற்களின் படங்கள். நான் முப்பத்தோரு ஆண்டு ஏழு மாதம் வேலை பார்த்த நிலவியல் அலுவலகத்தில் இப்போது இருக்கும் அலுவலர் அனுப்புகிறார். யாராவது மலையிலோ ஏரிக்கரையிலோ எடுத்த கல்லைக் கைபேசியில் படம் பிடித்து அவருக்கு அனுப்ப, அவர் எனக்குத் தள்ளிவிடுகிறார். "சார், இது என்ன கல்லுன்னு பார்த்துச் சொல்லுங்க." பதினான்கில் ஒன்பதில், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு காசுகூட வைக்கவில்லை. நான்கில் கல்லை நனைத்து வைத்திருக்கிறார்கள். நனைந்தால் எந்தக் கல்லும் அழகாகத்தான் இருக்கும். மீதி ஒன்றில் கல்லைவிட எடுத்தவரின் கட்டைவிரல் பெரிதாகத் தெரிகிறது.

படத்தைக் காட்டினாலே பெயரைச் சொல்லிவிடும் செயலி வந்துவிட்டதாம். என் மேசைமேல் தாள் பறக்காமலிருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். அதைச் செயலிக்கு மூன்று முறை காட்டினேன். மூன்று பெயர் சொன்னது. எனக்கு அந்தக் கல்லின் பெயர் தெரியும். அது தெரிவதற்குள் ஒரு மனிதரின் வேலையும் என் வேலையும் போகப் பார்த்தன என்று அந்த அலுவலரிடம் சொன்னேன். "அப்ப அத எழுதிக் குடுங்க சார்" என்றார். அதனால் எழுதுகிறேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருவர் இருக்கிறார்கள். எனக்கும் எழுபத்தெட்டு ஆகிறது. தள்ளிப்போட முடியாது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் பதினோரு மாதம். பெட்டிகளில் அடுக்கி எண் போட்ட நானூற்றுப் பன்னிரண்டு கற்களைப் பார்த்துப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டேன். பெட்டியில் இல்லாத கல்லைப் பார்த்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நிலையில்தான் கள்ளக்குறிச்சிக்கு ஆய்வக உதவியாளராக வந்து சேர்ந்தேன்.

பேருந்து நிலையத்திலிருந்து என் நடையில் இருநூற்றறுபது அடியில் எங்கள் அலுவலகம். வாடகைக் கட்டடம், இரண்டு அறை, ஆறு பேர். கல்குவாரி அனுமதி, அளவு, வரைபடம் என்று வாரத்தில் நான்கு நாள் ஓடும். வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் கல் கொண்டுவந்து காட்டலாம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் எங்கள் நிலவியல் அலுவலர் திருமதி கமலவேணி. திருச்சிப் பக்கம். மெல்லிய உருவம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் லென்ஸ். நாங்கள் மேடம் என்றே அழைப்போம். என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

கல்லை நீட்டியதும் மேடம் அதைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவரை உட்காரவைத்து, "எங்க எடுத்தீங்க?" என்று கேட்பார். அடுத்து, "அங்க இத்தனை கல்லு கெடக்கே, இத மட்டும் ஏன் எடுத்தீங்க?" என்பார். இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பேர் வெட்கப்படுவார்கள். ஆனாலும் பதில் வாங்காமல் விடமாட்டார். கனமாக இருந்தது, மின்னியது, மாட்டின் முகம் போலிருந்தது, கனவில் வந்தது, இப்படிப் பல பதில்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்.

அதற்குப் பிறகு கல் என்னிடம் வரும். ஒன்பது படிகள். ஒன்று, தேங்காய் நார் போட்டுக் கழுவுவது. எண்ணெய்ப் பிசுக்கு, தார் இருந்தால் மண்ணெண்ணெய். இரண்டு, துடைத்து உலர்த்தி வெள்ளை வண்ணத்தில் எண் போடுவது. மூன்று, வெயிலும் மழையும் தின்ற தோலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய, சுத்தியால் ஓரத்தில் ஒரே அடி. நான்கு, புதிதாக உடைந்த முகத்தை வெறும் கண்ணாலும் லென்ஸாலும் பார்ப்பது. ஐந்து, நகம், செப்புக்காசு, பேனாக்கத்தி, கண்ணாடித்துண்டு என்று வரிசையாகக் கீறிப் பார்ப்பது. ஆறு, பூச்சில்லாத பீங்கான் வில்லையில் தேய்த்துப் பொடியின் நிறம் பார்ப்பது. ஏழு, காந்தம். எட்டு, ஒரு சொட்டு ஆசிட். ஒன்பது, காற்றில் ஒரு எடை, தண்ணீரில் ஒரு எடை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெயர். கடைசியில் ஒரு சீட்டு எழுதுவோம். அதில் நான்கு வரி: என்ன கல், எதனால் தெரிந்தது, எங்கே எடுத்தது, எடுத்தவர் யார்.

சீட்டில் 'வெறும் கல்' என்று எழுதக்கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. நான் சேர்ந்த புதிதில் இரண்டு முறை எழுதினேன். இரண்டையும் கிழித்தார். "வெறும் கல்லுன்னு ஒண்ணு இருந்தா எனக்கும் ஒரு தடவ காட்டுங்க பரமசிவம். நான் பார்த்ததே இல்ல" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

இரும்புக்கடை கரீம் பாய் ஒரு வெள்ளிக்கிழமை பட்டுத்துணியில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தார். கரியாலூரில் அருவிக்குப் போன இடத்தில் கிடைத்ததாம். பொன் நிறத்தில் பளபளத்தது. பீங்கானில் தேய்த்தேன், பச்சை கலந்த கறுப்புப் பொடி விழுந்தது.

"பாய், இது தங்கமில்லிங்க. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பைரைட்னு பேரு" என்றேன்.

"இன்னா சார் இப்பிடி சொல்லிட்டீங்க? இன்னொரு தபா தேச்சிப் பாருங்க. வூட்ல சொல்லிட்டு வந்துட்டேன்."

"வீட்டுல என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் மேடம்.

"தங்கம்னுதான் மேடம். அவங்க வளையல் டிசைனே பாத்துக்கினு இருக்காங்க."

மேடம் சீட்டைத் தானே எழுதினார். 'ஆறு முகமும் சிதையாத முழுப் படிகம். இந்தப் பகுதியில் இவ்வளவு ஒழுங்காகக் கிடைப்பது அபூர்வம்.' பாய் அந்தக் கல்லையும் சீட்டையும் கடை மேசையின் கண்ணாடிக்கடியில் வைத்தார். ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "தங்கம் கம்மி, அழகு ஜாஸ்தி" என்று காட்டுவார். அன்றுமுதல் அவரும் கல் பொறுக்குகிற ஆளாகிவிட்டார்.

இப்படிப் பொறுக்குகிறவர்கள் எங்கள் பதிவேட்டில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் முதலாமவர் சிவக்கொழுந்து. எலவனாசூர்கோட்டைக்காரர், அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஒரு விடுமுறை விடாமல் கல்வராயன் மலைக்குப் போவார். ஆறு ஆண்டுகளில் அவருக்கு மட்டும் நூற்று நாற்பத்தேழு சீட்டு எழுதியிருக்கிறோம். மேடம் ஒருமுறை சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் மடித்து, எடுத்த இடத்தை எழுதி உள்ளே வைத்துக் கொண்டுவருவார். பேச்சு குறைவு. கல்லைக் கொடுத்துவிட்டு, தேர்வு முடிவுக்கு நிற்கிற மாணவனைப்போல நிற்பார்.

எங்கள் வடமாவட்டங்களில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. அதைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் ஆறு பேருக்கு ஆறு கருத்து இருந்தது. இங்கே நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பேருந்துகள் நின்றுபோயின. துணிந்து வந்த சில வண்டிகளின் கண்ணாடி உடைந்தது. யார் எறிந்தார்கள் என்று தெரியாததால், சாலையில் நின்றவர்களையெல்லாம் காவல்துறையினர் வண்டியில் ஏற்றினார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை கரீம் பாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"சார், நம்ம கல்லு வாத்தியார புடிச்சிக்கினு போயிட்டாங்க."

"எந்த வாத்தியார்? சிவக்கொழுந்தா? எதுக்குப் பாய்?"

"எதுக்கா? கையில கல்லு வச்சிக்கினு நின்னாராம்."

விவரம் இதுதான். முந்தின நாள் ஞாயிறு. வாத்தியார் மலையிலிருந்து சைக்கிளில் ஒரு சாக்குப் பையுடன் இறங்கியிருக்கிறார். கச்சிராயபாளையம் சாலையில், கண்ணாடி உடைந்த பேருந்து ஒன்று நின்ற இடத்துக்குச் சற்றுத் தொலைவில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கையில் ஒரு கல்லை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சாக்கை அவிழ்த்தால் உள்ளே இன்னும் கல், ஒரு சுத்தி, ஒரு சிறு ஆசிட் புட்டி. பிடித்தவர்களையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு நானே அவரை முதல்முறை பார்த்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இரண்டு நாளுக்கு மேல் உள்ளே இருந்தால் அரசு ஊழியருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். வழக்கு நிலைத்துவிட்டால் வேலையே போய்விடும். நீதிபதி, அந்தக் கற்கள் என்னென்ன என்று எங்கள் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு காவலர் அரக்கு முத்திரை வைத்த சாக்கோடு வந்தார். பட்டியலில் இருபத்து மூன்று கற்கள்: சாக்கில் இருந்தவை இருபத்திரண்டு, கையில் இருந்தது ஒன்று. மேடம் அப்போது ஊரில் இல்லை. கடலூருக்குக் கூட்டத்துக்குப் போனவர், பேருந்து இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முத்திரையைக் காவலர் முன்பே உடைத்து, இரண்டு முறை எண்ணினேன். இருபத்து மூன்று. அவர் ரசீதோடு போய்விட்டார்.

அதன் பிறகு நான் செய்தது எப்போதும் செய்வதுதான். பத்து ஆண்டுப் பழக்கம். கல் வந்தால் தொட்டி, நார், மண்ணெண்ணெய், வண்ணம், சுத்தி. கை தானாகப் போனது. சாக்கில் இருந்த இருபத்திரண்டும் வழக்கம்போலச் செய்தித்தாளில் மடித்து, இடம் எழுதிய சீட்டோடு இருந்தன. அவற்றை வாத்தியாரே ஓரம் தட்டி வைத்திருந்தார், அதனால் உடைக்க வேலையில்லை. இருபத்து மூன்றாவது மட்டும் காகிதமில்லாமல் தனியாக இருந்தது. கைப்பிடி அளவுக் கருங்கல். ஒரு பக்கம் தார். மண்ணெண்ணெய் விட்டுத் தாரைச் சுத்தமாகத் துடைத்தேன். எண் போட்டேன். சுத்தியால் ஓரத்தில் ஒரே அடி. ஓரம் பெயரவில்லை, கல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே கருங்கல்தான். பிளந்த முகத்தில் ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ மின்னியது. காக்காப்பொன், அதாவது மைக்கா என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். வாத்தியாரின் மனைவி அஞ்சலை. எலவனாசூர்கோட்டையிலிருந்து வெட்டிக் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருக்கிறார்.

"கல்லுக்குப் பேரு வக்கிற ஆபீசு இதுதானுங்களா?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"உக்கார வரலிங்க. ஆறு வருசமா கல்லுக்கெல்லாம் நீங்க பேரு வச்சிக்கினு இருந்தீங்க. இப்ப எங்க வூட்டுக்காரருக்கு அவுங்க கலகக்காரன்னு பேரு வச்சிட்டாங்க. அந்தப் பேர எடுக்கறதுக்கு உங்ககிட்ட ஏதாச்சும் ஆசிட்டு கீசிட்டு இருக்குதா?"

என் கண் மேசைமேல் இருந்தது. அங்கே கற்களை எண்ணினேன். இருபத்து நான்கு. மறுபடி எண்ணினேன். இருபத்து நான்குதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவை வெள்ளிக்கிழமைக் கற்கள் அல்ல. வழக்குச் சொத்து. நான் அதைக் கழுவியிருக்கிறேன். உடைத்திருக்கிறேன். கல் சாலையிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே அடையாளம் அந்தத் தார். அதையும் துடைத்திருக்கிறேன், அதுவும் எனக்கு ஆறு ஆண்டு பழக்கமான ஒருவருக்கு எதிரான வழக்கில். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

அஞ்சலை போன பிறகு காவலர் கொடுத்த பட்டியலை எடுத்துப் படித்தேன். பட்டியலில் 'கல்' என்று மட்டும்தான் இருந்தது. தார் என்ற சொல் எங்குமே இல்லை. 'கருங்கல். கல்வராயன் மலை முழுக்கக் கிடைப்பது' என்று எழுதிவிட்டால் அது பொய்யும் அல்ல. வாத்தியார் தப்புவார், நானும் தப்புவேன். அப்படித்தான் எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு மேடம் வந்தார். ஒரு லாரியிலும் இரண்டு மாட்டு வண்டியிலும் ஏறி, மீதியை நடந்து வந்தாராம். புடவைக் கரையெல்லாம் சேறு. தண்ணீர் குடித்தார், என் அறிக்கையைப் படித்தார், பிறகு இருபத்து மூன்றாவது கல்லின் ஒரு பாதியை எடுத்து முகர்ந்தார்.

"மண்ணெண்ணெய் வாசம் வருதே. தார் இருந்துச்சா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவர் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அதனாலேயே உண்மை வந்துவிட்டது. "இருந்துச்சு மேடம். ஒரு பக்கம் முழுக்க" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "நானா இருந்தாலும் கழுவியிருப்பேன்" என்றார். "ஆனா எழுதாம விட்டிருக்க மாட்டேன். இத கிழிச்சிடுங்க."

"எழுதினா வாத்தியாருக்குக் கெடுதல் மேடம். ரோட்டுக் கல்லுன்னு நாமே சொன்ன மாதிரி ஆயிடும்."

"ரோட்டுக் கல்லுதானே?" என்றார். பாதிக் கல்லைத் திருப்பிப் பார்த்தபடி, "அந்த மனுஷன் நூத்துக்கணக்குல கல்லு கொண்டாந்திருக்கார். ஒருதடவையாவது சும்மா ஒரு கருங்கல்லக் கொண்டாந்திருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். நூத்து நாப்பத்தேழுல ஒண்ணுகூட இல்ல."

"அப்ப இத ஏன் எடுத்தார்? அவர இப்போ கேக்க முடியாது. கல்லத்தான் கேக்கணும்."

இரண்டு பாதிகளையும் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். என் குறிப்பில் காக்காப்பொன் என்று இருந்த இடத்தைச் சுண்டுவிரலால் தேய்த்து, விரலை என்னிடம் நீட்டினார். விரல் சாம்பலாக மினுங்கியது. காக்காப்பொன் விரலில் பூசாது. என்னிடம் கல் கொண்டுவரும் பள்ளிப் பிள்ளைக்குக்கூட நான் சொல்கிற பாடம் அது. மேடம் ஒரு தாளை எடுத்து அந்தத் தகட்டைத் தாளில் இழுத்தார். பென்சில் கோடு. பென்சிலுக்குள் இருக்கும் அதே கிராஃபைட். அந்தத் தகடு பிளவின் விளிம்பில் தொடங்கி வெளித்தோல்வரை வந்திருந்தது. தார் இல்லாத பக்கத்தில், அரை விரல்நகம் அளவுக்கு வெளியிலும் எட்டிப் பார்த்தது. உடைக்காத கல்லிலேயே அது தெரிந்திருக்கும். பார்க்கத் தெரிந்தவருக்குத் தெரிந்திருக்கும்.

அறிக்கையை மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏழு பக்கம். இருபத்து மூன்றாவது கல்லுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். கருங்கல், சாலை போடப் பயன்படும் வகை, ஒரு பக்கம் தார் இருந்தது, இந்த அலுவலக உதவியாளர் வழக்கமான முறைப்படி அதைத் துடைத்துவிட்டார், சோதனையின்போது கல் இரண்டாக உடைந்தது, வெளியில் தெரியும்படி கிராஃபைட் தகடு உள்ளது, தாளில் கோடு போடும். நீதிமன்றத்தின் கடைசிக் கேள்வி, இவை எறிவதற்காகச் சேர்க்கப்பட்டவையா என்பது. 'இக்கேள்விக்குக் கல் பதில் சொல்லாது' என்று எழுதச் சொன்னார். அதற்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'வழக்குச் சொத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று என் உதவியாளருக்கு நான் சொல்லித்தரவில்லை. தவறு என்னுடையது.' நான் வேண்டாம் என்றேன். "உண்மையத்தானே எழுதியிருக்கேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றம். மேசைமேல் கற்களைப் பரப்பினார்கள். காவல் உதவி ஆய்வாளர் எண்ணினார். பாவம், அவரும் பல நாள் தூங்காத முகம்.

"அய்யா, நாங்க இருபத்து மூணு குடுத்தோம். இங்க இருபத்து நாலு இருக்குது. அதோட தார வேற தொடச்சிருக்காங்க. இவுங்க எல்லாரும் ஒரே கூட்டம்ங்க."

நீதிபதி அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு இரண்டு பாதிகளையும் கையில் எடுத்து முகத்தோடு முகம் பொருத்தினார். மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது. "இருபத்து மூணுதான்" என்றார்.

உதவி ஆய்வாளர் விடவில்லை. "அய்யா, மத்த இருபத்திரண்டும் மலைக்கல்லாவே இருக்கட்டும். பஸ் கண்ணாடிய உடைக்க ஒரு கல்லு போதுங்க."

நீதிபதி வாத்தியார் பக்கம் திரும்பினார். ஐந்து நாள் தாடி, கசங்கிய சட்டை. எங்கள் அறிக்கையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. நீதிபதி கேட்ட கேள்வியைக் கேட்டு நான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். "சாலையில் எத்தனையோ கல் கிடக்கிறது. இதை மட்டும் ஏன் எடுத்தீர்கள்?"

வாத்தியாருக்கு வெள்ளிக்கிழமை நினைவு வந்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சொல்வதுபோலவே நிதானமாகச் சொன்னார். "ரோட்டுல பேந்து கெடந்துதுங்க அய்யா. ஒரு பக்கம் தாரு இருந்துது. இன்னொரு பக்கம் ஈயமாட்டம் மின்னிச்சு. காக்காப்பொன்னுன்னு நெனச்சி விரலால தேச்சேன், ஒட்டிக்கிச்சு. சட்டப் பையில இருந்த துண்டுச் சீட்டுல கோடு போட்டுப் பாத்தேன், விழுந்துது. இந்த ஜல்லி எந்தக் குவாரியிலேருந்து வந்துதுன்னு யோசிச்சிக்கினு நின்னேன். அப்பதான் புடிச்சாங்க."

நீதிபதி அந்தத் துண்டுச் சீட்டைக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து எடுத்த பொருள்கள் தனி உறையில் இருந்தன: ஒரு பேனா, ஒரு சீப்பு, ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் 'கச்சிராயபாளையம் சாலை' என்று பேனாவால் எழுதியிருந்தது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் என்னை ஒரு கோடு போடச் சொன்னார். என் கோடு கோணலாக விழுந்தது. நிறமும் மினுமினுப்பும் ஒன்றே.

'தார்' என்ற சொல்லை நான் மறைத்திருந்தால் அந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை யோசித்திருக்கிறேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. வாத்தியார் உண்மையைச் சொல்லியிருப்பார், எங்கள் அறிக்கை அவரைப் பொய்யராக்கியிருக்கும்.

அன்று மாலையே அவரை விட்டுவிட்டார்கள். எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. என் பணிக்காலத்தில் வந்த ஒரே குறிப்பாணை. மேடத்துக்கும் ஒன்று வந்தது. அதை அவர் என்னிடம் காட்டவே இல்லை. எழுத்தர் சொல்லித்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, வாத்தியாரும் அஞ்சலையும் அதே சாக்கோடு வந்தார்கள். நீதிமன்றம் கற்களைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

"சார், இதுக்கெல்லாம் இன்னும் சீட்டு எழுதலிங்களே" என்றார் வாத்தியார்.

"ஏழு பக்கம் எழுதியிருக்கோமே சார்" என்றேன்.

"அது கோர்ட்டுக்கு எழுதினதுங்க. எனக்கு எழுதல."

இருபத்து மூன்று சீட்டு எழுத உட்கார்ந்தேன். எடுத்தவர் என்ற வரிக்கு வந்ததும் வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "வெறும் பேரு மட்டும் போடுங்க சார். ஆசிரியர்னு போடாதீங்க. திரும்பிச் சேரச் சொல்லி ஆர்டர் இன்னும் வரல. நாளைக்கு வராமயும் போவலாம்." நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு மேடத்தைப் பார்த்தேன்.

"கல்லு எடுத்த அன்னைக்கு இவர் என்ன வேலையில இருந்தார்?" என்று கேட்டார் மேடம்.

"ஆசிரியர், மேடம்."

"எடுத்த அன்னைக்கு என்னவோ அதத்தான் எழுதணும்."

எழுதி முடித்ததும் சீட்டுகளை அஞ்சலை வாங்கிக்கொண்டார். ஐந்தாவதுவரை படித்தவர். ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வரியை மட்டும் விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். "எடுத்தவர், சிவக்கொழுந்து, அறிவியல் ஆசிரியர்." அடுத்த சீட்டு. "எடுத்தவர், சிவக்கொழுந்து, அறிவியல் ஆசிரியர்." வரிசையில் இன்னும் நான்கு பேர் கல்லோடு காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றும் முடிந்ததும், சீட்டுகளைத் தட்டி ஒழுங்காக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "எல்லாத்துலயும் இருக்குது" என்றார். என்னைப் பார்த்து, "அன்னிக்கி நான் பேசினத மனசுல வச்சிக்காதீங்க" என்றார். அன்று அவர் வாசலில் வந்து நின்றிராவிட்டால் நான் என்ன செய்துவிட்டேன் என்பதே எனக்கு உறைத்திருக்காது. அதற்கான நன்றியைச் சொல்லாமலே அடுத்தவரின் கல்லை வாங்கினேன்.

வாத்தியாருக்கு வேலை திரும்பக் கிடைக்க நான்கு மாதம் ஒன்பது நாள் ஆனது. இருபத்து மூன்றாவது கல்லின் ஒரு பாதியை அவர் எடுத்துக்கொண்டார், மறுபாதியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இப்போதும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பார். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "உங்க பாதி பத்திரமா இருக்குதுங்களா?" என்பார். மேடம் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. திருச்சியில் அவர் வீட்டுக்குப் போனபோது அந்த லென்ஸும் கறுப்புக் கயிறும் சுவர் ஆணியில் தொங்கின. அவருடைய குறிப்பாணையில் என்ன எழுதியிருந்தது என்று அவரிடம் கேட்காமலே இருந்துவிட்டேன். அவர் எழுதிய அந்த ஒரு வரிக்கு முறையாக நன்றி சொல்லவும் இல்லை. மேடத்துக்கும் அஞ்சலைக்கும் இப்போது சொல்கிறேன்.

படங்களுக்கு வருகிறேன். படம் அனுப்பிய பதினான்கு பேருக்கும் ஒரே பதிலைத்தான் அனுப்பச் சொன்னேன். எங்கே எடுத்தீர்கள்? அங்கே இத்தனை கல் கிடக்க, இதை மட்டும் ஏன் எடுத்தீர்கள்? இதுவரை ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டைவிரல்காரர், "வெள்ளிமலை போற வழில கால் இடறிச்சு சார். திட்டிக்கினே குனிஞ்சேன். கண்ணுல ஏதோ பட்டுது, வுட்டுட்டு வர மனசு வரல" என்று எழுதியிருந்தார். அவரைக் கல்லோடு வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு.